வேலிக்கு வெளியே ஒரு கச்சேரி

1960 ஜூலைத் தொடக்கம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பணக்காரர்கள் கோடையைக் கழிக்க வரும் கடற்கரை ஊரான நியூபோர்ட்டில் ஒரே சமயத்தில் இரண்டு ஜாஸ் விழாக்கள் நடந்தன. ஃப்ரீபாடி பார்க்கில் நடந்தது பெரியது. ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து கேட்டார்கள். க்ளிஃப் வாக் மேனர் என்ற ஹோட்டலின் புல்தரையில், கடலைப் பார்த்தபடி நடந்தது சிறியது. அங்கே நாற்காலி அடுக்கியதும் டிக்கெட் விற்றதும் இசைக்கலைஞர்களே. பணம் கட்டாமல் வேலிக்கு வெளியே நின்று கேட்டவர்களிடம் சார்லஸ் மிங்கஸே நேரில் போய் வசூல் செய்தார். ஜாஸ் உலகின் தலைசிறந்த பாஸ் கலைஞர்களில் ஒருவர், ஆகிருதியான மனிதர், கோபத்துக்குப் பேர் போனவர். அவர் கை நீட்டினால் இல்லையென்று சொல்வது சுலபமில்லை.

நியூபோர்ட் ஜாஸ் விழாவை ஜார்ஜ் வெய்ன் 1954-இல் தொடங்கினார். இரவு விடுதிகளின் புகைக்குள் அடைபட்டிருந்த ஜாஸை அது வெட்டவெளிக்குக் கொண்டுவந்தது. ஆறே ஆண்டுகளில் விழா பெருத்துவிட்டது. பிரபலங்களுக்குப் பெரிய சம்பளம், புதிதாக எதையாவது தேடிக்கொண்டிருந்த கறுப்பினக் கலைஞர்களுக்குச் சில்லறை என்று மனக்குறை எழுந்தது. மிங்கஸும் ட்ரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சும் போட்டி விழாவை அறிவித்தார்கள். கோல்மன் ஹாக்கின்ஸ், ஜோ ஜோன்ஸ் போன்ற மூத்தவர்களும் வந்தார்கள். அந்த ஆண்டு ஜாஸ் உலகமே சண்டை போட்டுக்கொண்டிருந்த 30 வயது ஆர்னெட் கோல்மனும் வந்தார்.

ஜூலை 2, சனிக்கிழமை இரவு பெரிய விழாவின் வாசலில் கலவரம் வெடித்தது. டிக்கெட் கிடைக்காத இளைஞர்கள், கையில் பீருடன், உள்ளே புகப் பார்த்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, தண்ணீரைப் பீய்ச்சியது. எஞ்சிய நிகழ்ச்சிகளை நகராட்சி ரத்து செய்தது. கலவரம் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே யார் வாசிக்கிறார்கள் என்பது பொருட்டே இல்லை. சற்றுத் தள்ளி, ஹோட்டல் புல்தரையில் அப்படி யாருமில்லை. கேட்பதற்கென்றே வந்தவர்கள் மட்டும் இருந்தார்கள், வேலிக்கு உள்ளேயும் வெளியேயும்.

அவான் கார்ட் ஜாஸுக்கென்று பிற்பாடு உலகம் முழுக்க முளைத்த விழாக்களின் விதை அந்தப் புல்தரையில் விழுந்தது எனலாம். அவான் கார்ட் என்பது பிரெஞ்சுச் சொல். படைக்கு முன்னால் போகும் தூசிப்படை என்று பொருள். முன்னால் போகிறவர்களுக்குத் தங்க இடம் இருப்பதில்லை. இந்த இசையின் வரலாற்றில் பாதி, அது உட்கார இடம் தேடிய கதை. கேட்க வந்தவர்களும் சேர்ந்து தேடிய கதை.

மேஜையும் மேடையும்

1959 நவம்பர் 17 அன்று நியூயார்க்கின் கூப்பர் சதுக்கத்தில் இருந்த ஃபைவ் ஸ்பாட் விடுதியில் ஆர்னெட் கோல்மனின் நால்வர் குழு மேடையேறியது. ஆர்னெட்டின் கையில் வெள்ளை பிளாஸ்டிக் ஆல்டோ சாக்ஸபோன். பக்கத்தில் டான் செர்ரியிடம் பொம்மை போன்ற குட்டி ட்ரம்பெட். பியானோ இல்லை. அதுவரை ஜாஸில் ஒரு பாட்டின் மெட்டைச் சொல்லிவிட்டு, அந்த மெட்டின் அடியில் ஓடும் ஸ்வரக்கூட்டுகளின் வரிசையை வைத்துக்கொண்டுதான் கலைஞர் கற்பனை செய்வார். அந்த வரிசையைச் சொல்லிக்கொண்டே இருப்பது பியானோவின் வேலை. பியானோவை எடுத்துவிட்ட ஆர்னெட், வரிசையையும் சேர்த்தே எடுத்துவிட்டார். மெட்டு முடிந்ததும் நால்வரும் ஒருவரை ஒருவர் கேட்டபடி, போகிற போக்கில் வழியமைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் என்று பேசி வந்தவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வாசித்தார்கள். இசை நடத்துநர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் வந்து பாராட்டினார். வேறு சிலர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். மேதையா மோசடியா என்று ஊர் இரண்டுபட்டது. 1960 டிசம்பரில் இரண்டு நால்வர் குழுக்களை ஒரே அறையில் எதிரும் புதிருமாக நிறுத்தி ஆர்னெட் பதிவு செய்த இசைத்தட்டு சுமார் 37 நிமிடம் ஓடும் ஒரே இசை. அந்தத் தட்டின் பெயரான ‘ஃப்ரீ ஜாஸ்’ ஒரு வகைமைக்கே பெயராகிவிட்டது.

பெயர் கிடைத்தது, பிழைப்பு கிடைக்கவில்லை. இரவு விடுதியின் கணக்கு எளிமையானது. இசை மேடையில், வருமானம் மேஜையில். அரை மணி, முக்கால் மணி வாசித்துவிட்டுக் குழு இறங்க வேண்டும். இடைவேளையில் வாடிக்கையாளர் இன்னொரு கோப்பை கேட்க வேண்டும். ஒரே இசையை ஒரு மணி நேரம் நிறுத்தாமல் வாசிக்கும் சிசில் டெய்லர் போன்ற பியானோக் கலைஞரை வைத்துக்கொண்டு விடுதிக்காரர் என்ன செய்வார்? பிடிக்காதவர் எழுந்து போய்விடுவார். பிடித்தவரோ கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். கோப்பை அப்படியே இருக்கும். இரண்டு வகையிலும் கடைக்காரருக்கு நஷ்டம். சிசில் டெய்லர் பாத்திரம் கழுவிப் பிழைத்த ஆண்டுகள் உண்டு.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. நியூயார்க்கில் மது விற்கும் இடத்தில் வாசிக்கப் போலீஸ் தரும் அடையாள அட்டை வேண்டும். 1967-இல்தான் அந்த முறை ஒழிந்தது. தெலோனியஸ் மங்க் போன்ற மேதையே 1951-இல் அட்டையைப் பறிகொடுத்து, ஆறு ஆண்டுகள் தன் சொந்த ஊர் விடுதிகளில் வாசிக்க முடியாமல் இருந்தார். ஆகவே புதிய இசைக்காரர்கள் மது இல்லாத இடங்களைப் பார்த்தார்கள். காபிக்கடைகள், தேவாலயக் கூடங்கள், ஓவியர்களின் பட்டறைகள்.

நிலவறையில் நான்கு நாட்கள்

பில் டிக்சன் ட்ரம்பெட் கலைஞர், ஓவியர், ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்தில் சில ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்து, அங்கேயே ஒரு ஜாஸ் சங்கம் தொடங்கியவர். மன்ஹாட்டனில் மேற்கு 91-ஆம் தெருவில் இருந்த செல்லர் கஃபே என்ற நிலவறைக் காபிக்கடையில் அவர் 1964 அக்டோபர் 1 முதல் 4 வரை ஒரு விழா நடத்தினார். பெயர், ‘ஜாஸில் அக்டோபர் புரட்சி’. பனிப்போர் உச்சத்தில் இருந்த அமெரிக்காவில் ரஷ்யப் புரட்சியின் பெயரைக் காபிக்கடை வாசலில் எழுதி வைக்கவும் துணிச்சல் வேண்டும்.

பிற்பகலில் தொடங்கும் கச்சேரிகள் நள்ளிரவு வரை போகும். சன் ரா, பால் ப்ளே, மில்ஃபோர்ட் கிரேவ்ஸ், ஜான் ச்சிகாய், ரோஸ்வெல் ரட், ஜுசெப்பி லோகன் என்று வாசித்தவர்களில் அநேகம் பேர் அன்றைக்கு ஊர்பேர் தெரியாதவர்கள். விளம்பரத்துக்குப் பணமில்லை. அப்படியிருந்தும் நான்கு நாட்களில் சுமார் 700 பேர் வந்தார்கள். அந்தச் சின்ன நிலவறை தாங்கவில்லை. ஆட்கள் தெருவில் நின்றார்கள்.

நள்ளிரவில் கச்சேரி முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கலந்துரையாடல் தொடங்கும். ஜாஸின் பொருளாதாரம் ஒரு தலைப்பு. நாட்டுப்புறப் பாடல் மோகம் ஏறி ஜாஸ் ஏன் இறங்குகிறது என்பது இன்னொன்று. நிறவெறி பற்றி ஒன்று. சிசில் டெய்லரும் சாக்ஸபோன் கலைஞர் ஆர்ச்சி ஷெப்பும் இந்தப் பேச்சுகளில் கலந்துகொண்டார்கள். கேட்க வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், தர்க்கம் செய்தார்கள். இரவு விடுதியில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. கச்சேரி, அதற்குப் பிறகு சண்டை பிடிக்கும் பேச்சு, விடிய விடிய விழித்திருத்தல் என்று இன்றைய அவான் கார்ட் விழாக்களின் நடைமுறை பலவும் இந்த நிலவறையில் உருப்பெற்றவை.

இந்த விழாவின் சூடு ஆறுவதற்குள் டிக்சன் ‘ஜாஸ் கம்போஸர்ஸ் கில்ட்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். டெய்லர், ஷெப், சன் ரா, கார்லா ப்ளே ஆகியோர் அதில் உறுப்பினர்கள். டிசம்பர் கடைசி நான்கு நாட்களில் ஜட்சன் ஹாலில் இன்னொரு தொடர் நடத்தினார்கள். 1965-இலேயே அமைப்பு உள்பூசலில் உடைந்தது. ஆனால் அதே ஆண்டு சிகாகோவில் முஹல் ரிச்சர்ட் ஆப்ரம்ஸும் நண்பர்களும் தொடங்கிய ஏஏசிஎம் என்ற இசைக்கலைஞர் சங்கம் இன்றும் இயங்குகிறது. தங்கள் கச்சேரியைத் தாங்களே நடத்துவது, தங்கள் சொந்த இசையையே வாசிப்பது என்பது அந்தச் சங்கத்தின் விதி.

அந்தச் சங்கத்தின் தாக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை வரை வந்தது. தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் நியூயார்க் மாநிலத்தின் அல்பனியில் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயர், இயற்பியல் படிக்கப் போய் இசைக்குத் திரும்பியவர். சங்கத்தின் மூத்தவர்களான ராஸ்கோ மிட்செல், வாடாடா லியோ ஸ்மித் ஆகியோருடன் வாசித்து வளர்ந்தவர். கலிஃபோர்னியாவின் ஓஹாய் என்ற சிற்றூரில் நடக்கும் இசைவிழாவுக்கு 2017-இல் அவர் இசை இயக்குநர் ஆனபோது, அந்த மூத்தவர்களை மேடையேற்றினார். அதே விழாவுக்கு அருணா சாய்ராமையும் ஜாகிர் உசேனையும் வரவழைத்தார்.

கறுப்புக் கோட்டு

அமெரிக்காவில் காபிக்கடையில் ஒண்டியிருந்த இசைக்கு ஐரோப்பா மேடை கொடுத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை.

மேற்கு பெர்லினில் 1964 முதல் பெரிய ஜாஸ் விழா ஒன்று நடந்துவந்தது. அரசுப் பணம், கச்சேரி அரங்கு, கனவான்கள். 1968-இல் அங்கே சாக்ஸபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மனின் குழுவுக்கும் அழைப்பு வந்தது. பிறகு அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. குழுவினர் எல்லோரும் கறுப்புக் கோட்டு அணிந்து வருவார்கள் என்று அவரால் உறுதி தர முடியவில்லை என்பது காரணம். ப்ரோட்ஸ்மன் ஓவியம் படித்தவர், கலைஞர் நாம் ஜூன் பைக்கிடம் உதவியாளராக இருந்தவர். அந்த ஆண்டு மே மாதம்தான் பிரெமன் நகரத்துக் கிளப் ஒன்றில் எட்டுப் பேரை வைத்து ‘மெஷின் கன்’ என்ற தட்டைப் பதிவு செய்திருந்தார். தானே அட்டை வரைந்து, 300 பிரதிகள் போட்டு, தானே விற்றார். ஐரோப்பாவின் ஃப்ரீ ஜாஸுக்கு அந்தத் தட்டு ஒரு கொடி மாதிரி.

கோட்டு இல்லாதவர்கள் அதே நவம்பரில், அதே ஊரில், ஒரு கிளப்பில் ‘டோட்டல் மியூசிக் மீட்டிங்’ என்ற எதிர்விழாவை நடத்தினார்கள். ப்ரோட்ஸ்மனுக்குத் தோள் கொடுத்தவர் பாஸ் வாசிக்கும் யோஸ்ட் கேபர்ஸ். பெரிய விழாவில் வாசித்து முடித்த கலைஞர்கள் சிலர் நள்ளிரவில் இங்கே வந்து சேர்ந்துகொண்டார்கள். எதிர்விழா நாற்பது ஆண்டுகள் தொடர்ந்தது. கேபர்ஸ் வாத்தியத்தை வைத்துவிட்டு, எஃப்எம்பி என்ற இசைத்தட்டு நிறுவனத்தைக் கட்டி நடத்தினார். வாசிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், நாற்காலி போட ஆள் வேண்டும் என்று புரிந்துகொண்ட மனிதர்.

மறு ஆண்டு, 1969 ஜூலையில் அல்ஜியர்ஸில் நடந்த ஆப்பிரிக்கக் கலைவிழாவில் ஆர்ச்சி ஷெப் துவாரெக் இசைக்கலைஞர்களோடு தெருவில் வாசித்தார். அங்கிருந்து பாரிஸுக்கு வந்த அமெரிக்கக் கலைஞர்களை பிவைஜி என்ற கம்பெனி வரிசையாகப் பதிவு செய்தது. அந்தக் கம்பெனிதான் அக்டோபரில் ஒரு பிரம்மாண்ட விழாவும் அறிவித்தது. முந்திய ஆண்டு மாணவர் கிளர்ச்சியைப் பார்த்து நடுங்கியிருந்த பிரெஞ்சு அரசு அனுமதி மறுத்தது. விழா எல்லை தாண்டி பெல்ஜியத்தில் அமூஜி என்ற கிராமத்து வயல்வெளிக்குப் போனது. அக்டோபர் 24 முதல் 28 வரை ஐந்து நாள். வயலில் ஒரு ராட்சதக் கூடாரம். அதற்குள் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டும் ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோவும் ஆர்ச்சி ஷெப்பும் ஒரே மேடையில் மாறி மாறி வந்தார்கள். இலையுதிர்காலக் குளிர், ரசிகர்கள் உறக்கப்பைகளுக்குள் புகுந்துகொண்டு தலையை மட்டும் நீட்டிக் கேட்டார்கள். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க ராக் கிதார் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவை அழைத்திருந்தார்கள். அவருக்கு பிரெஞ்சு தெரியாது. கூட்டத்துக்கு ஆங்கிலம் தெரியாது. மனிதர் மைக்கை விட்டுவிட்டுக் கிதாரை எடுத்தார். வந்த குழுக்களில் பலவற்றோடு சேர்ந்து வாசித்தார்.

கோட்டை முற்றத்திலிருந்து பூங்காவுக்கு

ஜெர்மனியில் ரைன் நதியின் மேற்குக் கரையில், டுயிஸ்பர்கின் உலைகளுக்கு எதிர்ப்புறம், மோர்ஸ் என்று ஒரு நகரம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். நடுவே பழைய கோட்டை ஒன்றும் அதைச் சுற்றி ஒரு பூங்காவும் உண்டு. அந்த ஊரில் ‘டி ரோரே’ என்ற மதுக்கடையை நடத்திய புர்க்ஹார்ட் ஹென்னன் என்ற இளைஞருக்குப் புதிய ஜாஸ் மேல் பித்து. 1972 பெந்தெகொஸ்தே விடுமுறையில் கோட்டை முற்றத்தில் ஒரு விழா வைத்தார்.

முற்றம் சீக்கிரமே போதாமல் போனது. 1970-களின் நடுவில் விழா பூங்காவுக்கு நகர்ந்தது. அங்கிருந்து பின்னாளில் பெரும் சர்க்கஸ் கூடாரத்துக்கு. சிகாகோ சங்கத்தின் ஆந்தனி ப்ராக்ஸ்டன் 1974-இல் இங்கே தன் நால்வர் குழுவோடு ஒருமுறையும், ஆல்டோ சாக்ஸபோனுடன் தன்னந்தனியாக ஒருமுறையும் வாசித்தார். பக்கவாத்தியம் ஏதுமில்லாமல் ஒற்றை சாக்ஸபோன், எதிரே திறந்தவெளிக் கூட்டம்! ஹென்னன் அந்த ஆண்டு தொடங்கிய ‘மோர்ஸ் மியூசிக்’ இரண்டையும் தட்டாக வெளியிட்டது. அமெரிக்காவில் ஐம்பது பேருக்கு வாசித்துவந்த கலைஞர், பெயர் தெரியாத ஒரு சுரங்க ஊரில் ஆயிரக்கணக்கானோருக்கு வாசித்துவிட்டுப் போனார்.

மோர்ஸுக்குப் போவது என்றால் கச்சேரிக்குப் போவது மட்டுமில்லை என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மூட்டையோடு வந்து பூங்காவில் கூடாரம் அடித்தால் திங்கட்கிழமை வரை அங்கேதான். காலையில் தூக்கக் கலக்கத்தோடு நடந்தால், முந்திய இரவு தனித்தனிக் குழுக்களில் வாசித்த கலைஞர்கள் இப்போது ஒன்றாக உட்கார்ந்து, முன்பின் வாசித்துப் பழகாதவர்களோடு புதிதாக முயன்று பார்ப்பதைக் கேட்கலாம். காலை நேரத்து இந்தப் பயிற்சி அமர்வுகளுக்கென்றே வந்தவர்கள் உண்டு. மதியம் புல்தரையில் உறக்கம். மாலை தொடங்கினால் பின்னிரவு வரை பெரிய மேடை. நடுவில் சந்தைக் கடைகள், சாப்பாட்டுப் புகை, மேளம் தட்டும் பொடியன்கள். கூடாரவாசிகளில் கணிசமானோர் டிக்கெட்டே வாங்காதவர்கள்; விழாவை இனாம் திருவிழாவாக எடுத்துக்கொண்டவர்கள். மிதிபட்ட புல்லுக்கும் குவிந்த குப்பைக்கும் யார் பொறுப்பு என்ற வழக்கு ஊருக்கும் விழாவுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடியது. நியூபோர்ட்டின் வேலி இங்கேயும் வந்துவிட்டது. ஆனால் இங்கே வேலிக்கு வெளியே இருந்தவர்களால் விழா நின்றுபோகவில்லை. மேற்கு ஜெர்மன் வானொலி கச்சேரிகளைப் பதிவு செய்து ஒலிபரப்பியது. நகராட்சியும் மாநிலமும் பணம் தந்தன.

ஹென்னன் 2005 வரை நடத்தினார். பிறகு ரைனர் மிஷல்கே. 2017 முதல் டிம் இஸ்ஃபோர்ட். 2008-இலிருந்து ஆண்டுதோறும் ஒரு கலைஞரை ஓராண்டு ஊரிலேயே குடிவைத்துச் சம்பளமும் கொடுக்கிறார்கள். அவர் பள்ளிக்கூடம், கடைவீதி, தெருமுனை என்று வாசித்துக்கொண்டே இருப்பார். விழாவுக்கு வராத ஊர்க்காரர் வீட்டுக்கே விழா போகிறது.

கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். இந்த இசை பெருநகரங்களில் பிறந்தது; அதற்கு நிரந்தர விழா எடுத்தவை பெரும்பாலும் சிற்றூர்கள். ஸ்விட்சர்லாந்தின் வில்லிசாவ் என்ற சின்ன ஊரில் நிக்லாவுஸ் ட்ராக்ஸ்லர் என்ற சுவரொட்டி வடிவமைப்பாளர் 1975 முதல் 2009 வரை விழா நடத்தினார். மேக்ஸ் ரோச்சும் ஆர்ச்சி ஷெப்பும் 1979-இல் அங்கே இருவராக வாசித்தது இசைத்தட்டாக நிலைத்திருக்கிறது. விழாவுக்காக அவர் வரைந்த சுவரொட்டிகள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை போயின. ஹங்கேரி எல்லையை ஒட்டிய ஆஸ்திரியக் கிராமமான நிக்கல்ஸ்டார்ஃபில் 1980 முதல் ஒரு சத்திரத்தின் முற்றத்தில் விழா நடக்கிறது. கனடாவின் விக்டோரியாவில்லில் 1983-இல் மிஷெல் லெவஸர் தொடங்கிய விழாவும் அப்படித்தான். எல்லா இடத்திலும் ஒரே சூத்திரம்: விடாக்கண்டன் ஒருவர், அவர் கையில் ஏதோ ஒரு கூடம், ‘என்ன இழவு சத்தம் இது’ என்று முணுமுணுத்தாலும் சகித்துக்கொள்ளும் ஊர்.

மாடியறையும் தூரிகையும்

நியூயார்க்கில் மட்டும் கதை வேறு. அங்கே நகராட்சிப் பணமும் இல்லை, கோட்டை முற்றமும் இல்லை. 1970-களில் மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதியில் தொழிற்சாலைகள் காலியாயின. காலியான கூடங்கள் மலிவு வாடகைக்குக் கிடைத்தன. சாக்ஸபோன் கலைஞர் சாம் ரிவர்ஸும் மனைவி பியாவும் 24, பாண்ட் தெருவில் தாங்கள் குடியிருந்த கட்டடத்திலேயே ‘ஸ்டூடியோ ரிவ்பீ’ நடத்தினார்கள். வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாதிரி ரசிகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1972-இல் ஜார்ஜ் வெய்ன் தன் நியூபோர்ட் விழாவை நியூயார்க்குக்கு மாற்றியபோது, உள்ளூர்க் கலைஞர்கள் மறுபடியும் எதிர்விழா எடுத்தார்கள். அதன் மையங்களில் ஒன்று இந்த வீடு. 1976 மே மாதம் இங்கே நடந்த தொடர் கச்சேரிகள் ‘வைல்ட்ஃப்ளவர்ஸ்’ என்ற ஐந்து தட்டுகளாக வெளிவந்தன. வாடகை ஏறியது, தசாப்தம் முடிவதற்குள் இந்தக் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அந்தக் கூடங்களில் வளர்ந்த பாஸ் கலைஞர் வில்லியம் பார்க்கரும், நடனக் கலைஞரான அவர் மனைவி பட்ரீஷியா நிக்கல்சனும் 1984-இல் ‘சவுண்ட் யூனிட்டி’ என்ற விழாவுக்குக் கைகொடுத்தார்கள். 1996-இல் நிக்கல்சன் ‘விஷன் ஃபெஸ்டிவல்’ தொடங்கினார். அதற்குச் சொந்த இடம் எதுவும் கிடையாது. லஃபயட் தெருக் கூடம், தேவாலயம், பழைய யூதத் தொழுகைக்கூடம், ப்ரூக்ளின் அரங்கு என்று ஆண்டுக்கு ஆண்டு, கிடைக்கிற இடத்தில் நடக்கும். மூத்த கலைஞர் ஒருவருக்கு வாழ்நாள் சாதனை விருது தந்து, ஒரு மாலையை முழுவதுமாக அவரிடமே ஒப்படைப்பது விழாவின் வழக்கம். 2007-இல் அந்த மாலை பில் டிக்சனுடையது. நிலவறை விழாவுக்கு 43 ஆண்டுகள் கழித்து. 2011-இல் பீட்டர் ப்ரோட்ஸ்மனுடையது. கோட்டு பற்றி யாரும் கேட்கவில்லை.

விஷன் விழாவில் மேடைக்கு மிக அருகே ஒருவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் பெரிய காகிதம், பக்கத்தில் வண்ணக் கிண்ணங்கள். கச்சேரி தொடங்கும்போது அவரும் தொடங்குவார்; இரண்டு கைகளிலும் தூரிகை பிடித்து வரைவார். வாசிப்பு நிற்கும்போது ஓவியமும் முடிந்திருக்கும். பெயர் ஜெஃப் ஷ்லாங்கர். தன் வேலைக்கு ‘இசை சாட்சி’ என்று பெயர் வைத்துக்கொண்டவர். முன்வரிசையில் இன்னொருவர் நோட்டும் பேனாவுமாக இருப்பார். கவிஞர் ஸ்டீவ் டலச்சின்ஸ்கி. 2019-இல் காலமாகும் வரை நகரின் அநேகக் கச்சேரிகளில் அவரைப் பார்த்திருக்கலாம். சாக்ஸபோன் கலைஞர் சார்லஸ் கெய்ல் வாசிக்க வாசிக்க, இருபது ஆண்டுகளாக அவ்வப்போது எழுதிய கவிதைகளை அவர் ஒரு நூலாகவே வெளியிட்டார்.

இவர்கள் இப்படி முன்வரிசையில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்த இசையில் கேட்க வேண்டிய பல விஷயம் பத்தடி தூரத்துக்கு மேல் போகாது. ட்ரம்ஸ்காரர் வயலின் வில்லை எடுத்துத் தாளத்தட்டின் விளிம்பில் இழுப்பார். ஊளையும் இல்லாமல் கீச்சும் இல்லாமல் ஒன்று எழும்பும். சாக்ஸபோனில் ஊதாமல் விசைகளை மட்டும் தட்டுவார்கள்; கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். ‘மெஷின் கன்’ குழுவில் இருந்த இவான் பார்க்கர், கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுப்பார். நிறுத்தமே இல்லாத அந்த ஒலியோட்டத்துக்குள் இரண்டு மூன்று குரல்கள் தனித்தனியே ஓடுவது போலக் கேட்கும். எது வரப்போகிறது என்று வாசிப்பவருக்கே தெரியாது. வழக்கமான ஜாஸ் கச்சேரியில் ஒவ்வொருவரின் தனி வாசிப்பும் முடிந்ததும் கைதட்டுவார்கள். இங்கே தனி எது, கூட்டு எது? ஆகவே கடைசி ஒலி அடங்கி, கலைஞர் வாத்தியத்தைத் தாழ்த்தும் வரை கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். அந்த இரண்டு மூன்று நொடி மௌனத்தையும் கேட்பவர்கள்தான் வாசிக்கிறார்கள்.

அந்த மௌனத்துக்கு ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. பெருந்தொற்றில் ஐரோப்பாவின் விழாக்கள் வரிசையாக ரத்தானபோது மோர்ஸ் விழாவை ரத்து செய்யவில்லை. பெந்தெகொஸ்தே விடுமுறையின் நான்கு நாட்களும் கலைஞர்கள் பார்வையாளர் இல்லாத மண்டபத்தில் வாசித்தார்கள். ஆர்ட்டே தொலைக்காட்சி இணையத்தில் நேரலை செய்தது. பூங்காவில் கூடாரமும் இல்லை, குப்பையும் இல்லை. கைதட்டல் மட்டும் எங்கேயோ வீடுகளுக்குள் நடந்தது.

நியூயார்க்கில் இன்னொரு தம்பதி இருந்தார்கள். அர்விங் ஸ்டோன், ஸ்டெஃபனி ஸ்டோன். புதிய இசை எங்கே நடந்தாலும் இருவரும் அங்கே இருப்பார்கள். பத்துப் பேர் வந்த கச்சேரியிலும் அந்தப் பத்தில் இரண்டு பேர் இவர்கள். அர்விங் 2003-இல் காலமானார். 2005 ஏப்ரலில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஸோர்ன், அவென்யூ சி-யும் இரண்டாம் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு சின்ன அரங்கைத் திறந்தார். அங்கே மது கிடையாது, சாப்பாடு கிடையாது, மேஜையே கிடையாது; நாற்காலிகள் மட்டும். வாசலில் வசூலாகும் பணம் முழுவதும் வாசிப்பவர்களுக்கே. 2018-இல் இடம் மாறி, நியூ ஸ்கூல் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் போனது. பெயரை மட்டும் மாற்றவில்லை. எந்த மேதையின் பெயரையும் வைத்திருக்கலாம்; ஸோர்ன் வைத்தது ‘தி ஸ்டோன்’, அந்த ரசிகரின் பெயரை.